பால் குடிப்பது குறைந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

வாசகர் கேள்விகளுக்கு, மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவு மருத்துவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மூத்த மகன் பிறந்த 9-ஆம் நாள் பால் குடிப்பதைக் குறைத்துக்கொண்டான். எந்நேரமும் தூக்கம். காய்ச்சல் இல்லாததால் நாங்கள் பயப்படவில்லை. உரம் விழுந்திருக்கும் என்றார்கள், உரம் எடுத்தோம். மறுநாள் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கிருமி என்று சொல்லி இரண்டு வாரம் ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டான். இப்போது எனக்கு எட்டாம் மாதம். இந்த முறை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: மகன் நலமாக இருப்பதில் எனக்கும் நிம்மதி. காய்ச்சல் இல்லையே என்று இருந்துவிட்டதற்காக வருந்தாதீர்கள் அம்மா. எங்கள் வார்டுக்கு வரும் குடும்பங்கள் பலவும் இதையேதான் சொல்கின்றன. பெரியவர்களைப் போலச் சூட்டைக் கிளப்பிக் கிருமியை எதிர்க்கும் பலம் பச்சிளங்குழந்தைக்கு இன்னும் முழுதாக வந்திருக்காது. சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். பல குழந்தைகளுக்கு, முக்கியமாகக் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, உடம்பு சில்லிட்டுத்தான் போகும்.

காலையில் ரவுண்ட்ஸ் போகும்போது தாயிடம் நான் முதலில் கேட்பது, “பால் எப்படிக் குடிச்சான்?” என்பதைத்தான். நன்றாக இருக்கும் குழந்தையும் நாள் முழுக்கத் தூங்கும். ஆனால் பசித்தால் தானே எழுந்து அழும், மார்பைத் தேடும், இழுத்துக் குடிக்கும், விழுங்கும் சத்தம் கேட்கும். கிருமி ஏறிய குழந்தை காம்பை வாயில் வாங்கிக்கொள்ளும். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணை மூடிவிடும். உள்ளங்காலைச் சுண்டினால் முகத்தைச் சுளிக்கும், அழுகை வராது. தூக்கினால் கை கால் துவண்டு தொங்கும். நேற்று வரை குடித்தது போல இன்று குடிக்கவில்லை என்பதே போதும், வேறு அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் பார்க்கக்கூடிய சில விஷயங்களைச் சொல்கிறேன். குழந்தை அழாமல் படுத்திருக்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் தவறிவிடும், ஏனென்றால் பச்சிளங்குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தாலோ, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, முனகினாலோ, மூக்கு விடைத்தாலோ உடனே கிளம்ப வேண்டும். அடுத்து, புறங்கையால் முதலில் வயிற்றையும் பிறகு உள்ளங்காலையும் தொடுங்கள். வயிறு வெதுவெதுப்பாகவும் கால் மட்டும் சில்லென்றும் இருந்தால் குளிர்கிறது என்று அர்த்தம். மார்போடு அணைத்துப் போர்த்துங்கள். வயிறும் சில்லிட்டிருந்தால், அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வீட்டில் தெர்மாமீட்டர் இருந்தால் அக்குளில் வையுங்கள். 97.7 முதல் 99.5 டிகிரி வரை சரி.

வலிப்பு, உதடு நீலம் பாய்தல், உப்பிய வயிறு, பச்சை நிற வாந்தி, முதல் 24 மணி நேரத்திலேயே தெரியும் மஞ்சள் காமாலை, இவற்றில் எது வந்தாலும் நடு இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த நோயில் சில மணி நேரத்தில் நிலைமை தலைகீழாகும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பச்சிளங்குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் போக்குவரத்தும் இலவசம். 2011-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அது.

முதல் பிள்ளைக்கு வந்ததால் இரண்டாவதுக்கும் வரும் என்றில்லை. முதல் 72 மணி நேரத்துக்குள் வரும் தொற்று பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருவது. 9-ஆம் நாள் வருவது, அநேகமாக வெளியிலிருந்து, முக்கியமாகத் தொடும் கைகளிலிருந்து. அதனால் குழந்தையைத் தூக்குகிறவர், பாட்டியே ஆனாலும், சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சேனை, தேன், கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர், புட்டிப்பால் எதுவும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுங்கள். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், காய்ச்சல் ஏதும் இருந்தால் பிரசவத்துக்கு முன்பே சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். மகனின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரசவத்துக்குப் போகும் பையில் வையுங்கள்.

கேள்வி: என் மனைவிக்குப் பனிக்குடம் உடைந்து ஒரு நாள் கழித்தே குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாக அழுதது, பாலும் குடிக்கிறது. ஆனாலும் ரத்தம் எடுத்து, ஊசி தொடங்கிவிட்டார்கள். முதல் டெஸ்ட் நார்மல் என்று சொல்லிவிட்டு மறுபடியும் ரத்தம் எடுக்கிறார்கள். பணத்துக்காகவா?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: உங்கள் சந்தேகம் புரிகிறது. ஆனால் இங்கே காரணம் மருத்துவம்தான். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேலானால் கிருமி மேலேறிக் குழந்தையைத் தொட வாய்ப்பு உண்டு. அதோடு தாய்க்குக் காய்ச்சல், நாற்றமடிக்கும் பனிநீர், அடிக்கடி உள்பரிசோதனை, 37 வாரத்துக்கு முன் பிரசவம், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடை, இவையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். சி.ஆர்.பி. என்பது தொற்று வந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தை அளக்கும் டெஸ்ட். அந்த அளவு, தொற்று தொடங்கிப் பல மணி நேரம் கழித்தே உயரும். அதனால் முதலில் நார்மலாக வந்ததை மட்டும் நம்ப முடியாது. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்தான் தீர்ப்பு. அது தெரிய இரண்டு நாள் வரை ஆகும். இடையில் காத்திருந்து குழந்தையை இழப்பதைவிட ஊசியைத் தொடங்குவது நல்லது.

ஒன்றை மட்டும் நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்: “கல்ச்சரில் ஒன்றுமில்லை, குழந்தையும் நன்றாக இருக்கிறது என்றால் ஊசியை நிறுத்திவிடுவீர்களா?” தேவையில்லாமல் நீளும் ஆன்டிபயாடிக் மீது எனக்குக் கடும் கோபம் உண்டு. க்ளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் நம் நாட்டு மருத்துவமனைகளில் பல மருந்துகளுக்கு அடங்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: தொப்புளில் வசம்புக் கரி வைக்கச் சொல்கிறார் மாமியார். வைக்கலாமா?
– வாசகி, அறந்தாங்கி

பதில்: வேண்டாம். கரி, சாம்பல், விபூதி, எண்ணெய், பவுடர் எதுவுமே வேண்டாம். தொப்புள்கொடியை அப்படியே காய விடுங்கள், டயப்பரைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் தானே விழும். விழும்போது ஒரு சொட்டு ரத்தம் கசிந்தால் பயமில்லை. சுற்றியுள்ள தோல் சிவந்தாலோ சீழ் வந்தாலோ அன்றே காட்டுங்கள். பச்சிளங்குழந்தைகளின் ரணஜன்னியை (டெட்டனஸ்) இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. தாய்மார்களுக்குப் போட்ட தடுப்பூசியும் தொப்புளைச் சுத்தமாக வைத்ததும்தான் அதைச் சாதித்தன. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் அவர் முன்னாலேயே ஒருமுறை கேளுங்கள்.