வெட்டுப்புள்ளிக் கணக்கை இங்கே போடாதீர்கள், தங்கச்சி

கிளிநொச்சியிலிருந்து லண்டன் ஈஸ்ட்ஹாமுக்கு வந்து இரண்டு வருடம், அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது, கணவர் இரவு வேலைக்குப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டாம் ஆண்டில் படிக்கும் மகள், பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில், ஒன்பதே உச்சமான தரங்களில் ஐந்தும் ஆறுமாக எடுத்தவள். பல்கலைக்கழகம் போவதற்கான ஏ லெவல் தேர்வில் மூன்று பாடங்களுக்கு ஏ.பி.பி. வரும் என்கிறது பாடசாலை. அவளுக்கு மருத்துவம் படிக்க ஆசை. எங்களைப் போன்றவர்கள் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து என்ன பயன் என்று கேட்கிறீர்கள்.

விண்ணப்பிக்கலாம். ஆனால் ஊரில் பழகிய கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். அங்கே பாடங்களைச் சமப்படுத்திப் போடும் இசட் புள்ளி, இடம் கிடைக்கத் தேவையான வெட்டுப்புள்ளி, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீத இடம். உங்கள் மாவட்டம் தெரிந்தால் போதும், வீட்டு நிலைமையை யாரும் கேட்பதில்லை. இங்கே மாவட்ட ஒதுக்கீடு கிடையாது. இந்தப் புள்ளிகளை இந்தப் பிள்ளை எந்தப் பாடசாலையில், எந்த நிலைமையில் எடுத்தாள் என்று பல பல்கலைக்கழகங்கள் பார்க்கின்றன. சில, அதற்கேற்பக் குறைந்த பெறுபேற்றுக்கே இடம் தருகின்றன. ஆனால் அந்த நிலைமையை நீங்கள் தெரிவித்திருக்க வேண்டும். நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

இலவசப் பாடசாலை உணவையே எடுத்துக்கொள்ளுங்கள். தகுதி இருந்தும், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று விண்ணப்பிக்காத குடும்பங்களை எனக்குத் தெரியும். சாமத்திய வீட்டுக்கு மண்டபம் எடுக்கக் கடன் வாங்குவதில் வராத வெட்கம் இதில் எப்படி வருகிறதோ! அந்தப் பதிவு வெறும் மதியச் சாப்பாடு அல்ல. வசதி குறைந்த பிள்ளை என்பதற்குப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக அனுப்பும் யூகாஸ் விண்ணப்பத்திலேயே அதைக் கேட்கிறார்கள். அகதியா என்றும், வீட்டில் யாரையாவது பராமரிக்கும் பொறுப்பு உண்டா என்றும் கேட்கிறார்கள். ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் எழுதும் பரிந்துரையிலும் பிள்ளையின் சூழ்நிலையைச் சொல்ல இடம் இருக்கிறது. அவள் இந்த நாட்டுப் பாடத்திட்டத்துக்குள் எப்போது நுழைந்தாள் என்பது அதில் வர வேண்டும். பாடசாலைக்குப் போய் நீங்களே கேளுங்கள். ஆங்கிலம் தடுக்கினாலும் பரவாயில்லை.

மருத்துவத்துக்கு வருகிறேன். கிங்ஸ் கல்லூரி லண்டனில் 2001 முதல் ஆறு வருட விரிவாக்கப்பட்ட மருத்துவப் பட்டம் ஒன்று நடக்கிறது. தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்காத அரச பாடசாலைகளில் படித்தவர்களுக்கானது. வழக்கமான மருத்துவப் படிப்புக்குக் கேட்கும் பெறுபேறு இதற்குத் தேவையில்லை, ஏ.பி.பி. அளவில்தான் கேட்டு வருகிறார்கள். முடிவில் கிடைப்பது அதே பட்டம். சவுத்தாம்டனிலும் இதுபோன்ற ஆறு வருடப் படிப்பு உண்டு. ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் ஜி.சி.எஸ்.இ.யில் என்ன தரம் கேட்கிறார்கள் என்று இப்போதே பாருங்கள். போதாவிட்டால் அந்த இரண்டையும் நவம்பரில் திரும்ப எழுதலாம்.

ஒக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும்? ஒரே வருடத்தில் இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது. கேம்பிரிட்ஜ் 2022இலும் ஒக்ஸ்போர்ட் 2023இலும் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு முழுச் செலவையும் ஏற்று ஒரு வருட அடித்தளப் படிப்பைத் தொடங்கின, பி.பி.பி. போதும் என்றார்கள். ஆனால் இரண்டிலும் மருத்துவம் இல்லை. பெயருக்காக அவளை அங்கே தள்ளாதீர்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். அகதி அந்தஸ்து கிடைத்த குடும்பத்துக்கு மூன்று வருட வசிப்பு நிபந்தனை கிடையாது. வெளிநாட்டு மாணவர் கட்டணம் அல்ல, உள்ளூர்க் கட்டணம்தான், அதற்கு அரச கடனும் உண்டு. வருட வருமானம் 25,000 பவுணைத் தாண்டிய பிறகு, தாண்டிய தொகையில் 9 வீதம்தான் சம்பளத்தில் கழிப்பார்கள். அயலவர் சொல்லும் "கடனில் மூழ்குவாள்" கதையைக் காதில் வாங்காதீர்கள். அந்தஸ்து இன்னும் கிடைக்காதவர்களின் பாடுதான் கடினம். அவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்களின் புலமைப்பரிசில்களை விட்டால் வழி குறைவு.

நாட்களை மட்டும் தவறவிடாதீர்கள். மருத்துவத்துக்கான யூகாட் தேர்வை இந்தக் கோடையில் எழுத வேண்டும்; அதன் கட்டணத்துக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கு உதவி இருக்கிறது, விண்ணப்பித்தால்தான் வரும். மருத்துவத்துக்கு யூகாஸ் கடைசி நாள் ஒக்டோபர் 15. ஐந்து தெரிவுகளில் நான்கைத்தான் மருத்துவத்துக்குப் போட முடியும். ஐந்தாவதில் எதைப் போடுவது என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள், மாமாமாரைக் கேட்க வேண்டாம்.