தெருவில் வளரும் பிள்ளைகள்: கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் பெற்றோருக்கு ஒத்தாசை செய்யும் பிள்ளையையும் குழந்தைத் தொழிலாளர் என்றுதான் சொல்ல வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பள்ளிவிட்டு வந்து தம்பியைப் பார்த்துக்கொள்வதும் தண்ணீர் பிடித்து வைப்பதும் வளர்ப்பில் அடங்கியவை. படிப்பையும் உடல்நலத்தையும் பறிக்கும் வேலையே குழந்தை உழைப்பு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கை, வேலைக்குச் சேரும் வயது பொதுவாக 15க்கும், ஆபத்தான வேலைக்கு 18க்கும் குறையக்கூடாது என்கிறது. ஆனால் வீட்டுக்குள் நடக்கிறது என்பதாலேயே ஒரு வேலை இலேசானதாகிவிடாது. நள்ளிரவுவரை பொட்டலம் மடித்துவிட்டு வகுப்பில் தூங்கி விழும் சிறுமியும் தொழிலாளிதான்.

கேள்வி: தெருவில் திரியும் பிள்ளைகள் எல்லோரும் ஆதரவற்றவர்களா?

பதில்: பலருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். பகலெல்லாம் தெருவில் பிழைத்து இரவில் வீடு திரும்புவோர், குடும்பத்தோடு நடைபாதையிலேயே குடியிருப்போர், அடியும் குடியும் தாங்காமல் ஓடிவந்து தனித்து வாழ்வோர் என அவர்கள் நிலை வெவ்வேறானது. அதற்கேற்ப உதவியும் மாற வேண்டும். இவர்களைக் குறித்து ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு 2017இல் தனியாகவே ஒரு வழிகாட்டுரை வெளியிட்டு, கூட்டமாகப் பிடித்துச் செல்வதைக் கண்டித்தது.

கேள்வி: மீட்டுக் காப்பகத்தில் சேர்த்த பிள்ளைகள் ஏன் திரும்பவும் தெருவுக்கே ஓடுகிறார்கள்?

பதில்: என்னை அதிகம் வருத்தும் கேள்வி இது. தெருவில் அந்தப் பிள்ளைக்கு ஒரு கூட்டம் இருக்கிறது: இரவில் ஒருவன் விழித்திருக்க மற்றவர்கள் உறங்குவார்கள், கிடைத்ததைப் பங்கிட்டு உண்பார்கள். அவர்களிடமிருந்து பிரித்துப் பூட்டிய கதவுக்குள் கொண்டுபோய் விட்டால், அதை அவன் தண்டனையாகவே எடுத்துக்கொள்கிறான். பசியும் குளிரும் தெரியாமலிருக்கப் பசையைத் துணியில் தடவி முகரப் பழகியவனுக்கு முதலில் மருத்துவம் வேண்டும். குப்பை பொறுக்கும் ஒரு சிறுவனின் உள்ளங்காலில் கண்ணாடி கிழித்த புண் சீழ் பிடித்திருந்ததைப் பார்த்தேன். மூன்று நாள் கட்டுப் போட்ட பிறகுதான் தன் பெயரையே சொன்னான். அந்தப் பொறுமை இல்லாத மீட்பு, மீட்பே அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: உலக அளவில் நிலைமை மாறுகிறதா?

பதில்: குறைகிறது, ஆனால் மிக மெதுவாக. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2020இல் 16 கோடியாக இருந்த குழந்தைத் தொழிலாளர், 2024இல் 13 கோடியே 80 லட்சம் பேர். அவர்களில் 5 கோடியே 40 லட்சம் பேர் செய்வது ஆபத்தான வேலை. 2025க்குள் அடியோடு ஒழிப்பதாக உலக நாடுகள் ஏற்ற இலக்கு நிறைவேறவில்லை.

கேள்வி: நான் ஆசிரியை. என் மாணவன் ஒருவன் வாரத்தில் மூன்று நாள் பட்டறை வேலைக்குப் போய்விடுகிறான். நான் என்ன செய்யலாம்?

பதில்: அவன் பெயரை மட்டும் பதிவேட்டிலிருந்து அடித்துவிடாதீர்கள், அம்மா. மற்ற பிள்ளைகள் முன்னால் கேட்காமல், தனியாக அழைத்து, கூலி யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு கடனோ, படுத்த படுக்கையான பெரியவரோ இருப்பார். வீட்டுக்குப் போய்ப் பேசி, அந்தப் பெரியவர்களுக்குக் கிடைக்க வேண்டிய அரசு உதவிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். முதலாளி முன்பணம் கொடுத்துப் பிடித்து வைத்திருந்தால் அது கொத்தடிமை முறை, உடனே குழந்தைகள் நல அதிகாரியிடம் புகார் செய்யுங்கள். அவன் வரும் நாட்களில், விட்டுப்போன பாடத்தை அரை மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள். பாடம் புரியாமல் போன பிறகுதான் பல பிள்ளைகள் பட்டறையே மேல் என்று நின்றுவிடுகிறார்கள்.