12 லட்சம் இருக்கிறது, படம் எடுக்கலாமா?

கேள்வி: சில குறும்படங்கள் எடுத்திருக்கிறேன். எங்கள் ஊரிலேயே நடக்கிற ஒன்றரை மணி நேரக் கதை தயார். தயாரிப்பாளர் கிடைக்காததால் நண்பர்கள் சேர்ந்து 12 லட்சம் திரட்டியிருக்கிறோம். ஷூட்டிங்கைத் தொடங்கிவிடலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: தொடங்கலாம். ஆனால் முதலில் பாதிப் பணத்தை எடுத்து வேறொரு வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். இந்த மாதிரிப் படங்கள் பல, ஷூட்டிங்கை எப்படியோ முடித்துவிட்டு ஹார்ட் டிஸ்கிலேயே தூங்குகின்றன. எடிட்டிங், டப்பிங், சவுண்ட் மிக்ஸிங், கலர் (காட்சிகளின் நிறத்தைச் சீராக்குவது), சென்சார் என்று செலவு வரிசை கட்டும்போது கையில் காசு இருக்காது. கூட வந்தவர்களும் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

மீதி 6 லட்சத்துக்குள் அடங்கும்படி கதையை மறுபடி எழுதுங்கள். இரவுக் காட்சி என்றால் லைட், ஜெனரேட்டர், கூடுதல் ஆட்கள். அதே காட்சி பகலில் நடந்தால் கெட்டுப்போகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்', கொளுத்தும் வெயிலில் ஓர் அப்பாவும் மகனும் நடக்கிற கதை. 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முக்கிய விருதான டைகர் விருதை வாங்கியது. அந்த வெயிலையும் பொட்டல் காட்டையும் எடுத்துவிட்டால் அந்தப் படமே கிடையாது. வெயிலுக்கு உங்கள் ஊரிலும் பஞ்சமில்லையே!

கதையில் ஆடு, மாடு வருகிறதா? கிராமத்துக் கதையில் வராமல் இருக்காது. விலங்குகள் நல வாரியத்திடம் ஷூட்டிங்குக்கு முன்பே அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் சென்சாரில் மாட்டுவீர்கள். முன்பு சென்னையிலேயே இருந்த வாரியம் இப்போது ஹரியானாவில் இருக்கிறது, ஆகவே அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் பழைய சினிமாப் பாட்டு ஓடுவதாக எழுதியிருந்தால் இன்றே அடித்துவிடுங்கள். உரிமை வாங்கக் கட்டுப்படியாகாது.

யார் எவ்வளவு போட்டார்கள், சம்பளம் வாங்காமல் உழைப்பவருக்கு என்ன பங்கு என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நண்பர்களிடம் போய் இதைக் கேட்பதா என்று கூச்சமாகத்தான் இருக்கும். படம் விலைபோன பிறகு வரும் சண்டையை நினைத்தால் கூச்சம் போய்விடும்.

அப்புறம், வேலையை விடாதீர்கள். படம் எப்போது வரும் என்று வீட்டில் தேதியும் சொல்லாதீர்கள். வருஷக்கணக்கில் இழுக்கும் என்று நினைத்தே இறங்குங்கள்.

ரஃப் கட், அதாவது முதல்கட்ட எடிட்டிங் முடிந்த படம், தயாரானதும் தியேட்டர்காரர்களிடம் ஓட வேண்டாம். கோவாவில் மத்திய அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்எஃப்டிசி) நடத்தும் திரைப்படச் சந்தையான ஃபிலிம் பஜாருக்கு (இப்போது 'வேவ்ஸ் ஃபிலிம் பஜார்') அனுப்புங்கள். இன்னும் வேலை முடியாத படங்களுக்கென்றே அங்கே ஒரு பிரிவு இருக்கிறது. தேர்வானால் வெளிநாட்டு எடிட்டர்களும் விழாக்காரர்களும் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். கலருக்கும் மிக்ஸிங்குக்கும் பணத்தை இறக்குவதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.