அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தைக்குப் பல் சிகிச்சை பலன் தந்ததா என்று எப்படி அளப்பார்கள்?

பையனுக்கு ஐந்து வயது ஆகியிருக்கும். "அளவு எடுக்கணும், கூட்டிட்டு வாங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள், எதற்கென்று சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் அப்படிப் போனவன்தான். நான் டாக்டர் இல்லை. 'அரைகுறையாகத் தெரிந்துகொண்டு எழுதாதே' என்று கமெண்ட் போட வருபவர்கள், என் மகனின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஏழு வருடம் அலைந்துவிட்டு வரட்டும்.

என் மகனுக்கு இடப்பக்கம் உதடு, ஈறு, அண்ணம் மூன்றிலும் பிளவு. ரோஸ் நிற மாவைக் குழைத்து வாயில் வைத்து அச்செடுத்தார்கள். அண்ணத்தில் தையல் விட்டுப்போன இடத்தில் சின்ன ஓட்டை ஒன்று உண்டு. மாவு அதில் ஏறி மாட்டிக்கொள்ளும் என்று, வாஸ்லின் தடவிய துணித்துண்டால் முதலில் அதை அடைத்தார் டாக்டரம்மா. அப்படியும் வாந்தி, என் சட்டை மேலேயே.

அச்சில் வார்த்த மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கடித்த மாதிரி பொருத்திப் பார்த்து 1 முதல் 5 வரை மார்க் போடுவார்கள். ஐந்து வயதுக்காரர்களுக்கென்றே 1997-இல் வந்த முறை அது. மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு முன்னால் விழுந்தால் 1, 2. உள்ளே போகப்போக 4, 5, எண் ஏற ஏற மோசம். எங்களுக்கு 4. எனக்குத் தலை சுற்றிவிட்டது.

"இது உங்க பையனுக்குப் போட்ட மார்க் இல்லைங்க, எங்களுக்கு" என்றார் டாக்டரம்மா. ஓர் இடத்தில் தைத்த குழந்தைகள் எல்லோருடைய அச்சையும் சேர்த்து, எது எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாத ஆளிடம் கொடுத்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தமாம். அண்ணத்துத் தழும்பு மேல்தாடையை வளரவிடாமல் பிடித்துக்கொள்ளும். இலங்கையில் அறுவை சிகிச்சையே செய்யாமல் பெரியவர்களானவர்களை ஆராய்ந்தபோது, மேல்தாடை நன்றாகவே வளர்ந்திருந்ததாம். உடனே ஆபரேஷன் வேண்டாம் என்கிறேன் என்று கிளம்பாதீர்கள். தைக்காவிட்டால் பேச்சு?

நம் கையில் இருப்பது சொத்தைக் கணக்கு. 20 பால்பற்களில் சொத்தையானவை, சொத்தையால் போனவை, அடைத்தவை மூன்றையும் கூட்டுவார்கள். மகனுக்கு 6. இதற்கு ஆபரேஷன் செய்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. எடை ஏறட்டும் என்று ராத்திரிப் பாலில் சர்க்கரை போட்டது நாங்கள். தழும்பு வலிக்குமோ என்று மேலுதட்டைத் தூக்கித் தேய்க்காமல் விட்டது நான். அடைத்த பல்லும் கணக்கில் வருவதால் சிகிச்சைக்குப் பிறகும் அந்த எண் குறையாது, அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஆறில் எத்தனை 'அடைத்தது' பக்கம் போயிற்று, புதிதாக எதுவும் சேர்ந்ததா என்று கேளுங்கள். எங்களுக்கு ஐந்து அடைத்தாயிற்று, புதிதாக ஒன்றுமில்லை.

பிளவு இருக்கும் பக்கம் ஒரு பல் முளைக்கவே இல்லை. பள்ளிக்கூட முகாமில் அதையும் 'சொத்தையால் போனது' என்று எழுதி 7 ஆக்கிவிட்டார்கள். முளைக்காத பல் இந்தக் கணக்கில் சேராது. நான் நின்று திருத்த வைத்தேன்.

இதற்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஐடி கார்டுக்குப் படம் எடுக்கப் போனால், ஸ்டூடியோக்காரர் கேட்காமலே உதட்டுத் தழும்பை அழித்துக் கொடுத்தார். "சும்மாவே பண்ணிக் கொடுத்தேன் சார்" என்று சிரிப்பு வேறு. தழும்போடு போட்டுக் கொடுங்கள் என்றதற்கு மறுபடியும் அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.