பதில்: நிர்வாகக் குழு தானாகவே விதியை மாற்றலாமா?

வணக்கம் சார். பெரம்பூரில் உங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர், "குழு கூடிப் பதவிக்காலத்தை ஐந்து வருஷம் ஆக்கிவிட்டது" என்று வாட்ஸப்பில் போட்டார் என எழுதியிருந்தீர்கள். அது செல்லாது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. அப்புறம் அதே ஆட்கள் மறுபடி நிற்கலாம், ஆனால் தேர்தல் நடந்தாக வேண்டும். துணைவிதியை, அதாவது சங்கத்தின் உள் சட்டதிட்டத்தை, திருத்தும் அதிகாரமும் குழுவுக்கு இல்லை. 21 நாள் முன்னறிவிப்புடன் பொதுக்குழு கூட வேண்டும், வந்திருக்கும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது சிறப்புத் தீர்மானத்தை ஆதரிக்க வேண்டும், பிறகு அதைப் பதிவாளரிடம் பதிய வேண்டும்.

முதலில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் துணைவிதிக்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். எங்கள் வில்லிவாக்கம் சங்கத்திலும் இதே தகராறு வந்தது. முத்திரை குத்திய அந்த நகலை மொட்டைமாடிக் கூட்டத்தில் பக்கம் பக்கமாகப் படித்தோம். "திருத்தியாச்சு" என்று சொல்லப்பட்ட விதி அதில் பழையபடியே இருந்தது. சத்தம் அடங்கிவிட்டது.

அதற்கும் மசியவில்லை என்றால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுப் பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம். கையெழுத்து வேட்டையை இன்றே தொடங்குங்கள், சார். வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களைப் பிடிக்கத்தான் நாளாகும்.