கடைசிச் சொல்லிலிருந்து வாசியுங்கள்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அம்மா,

நான் திண்டுக்கல் மாவட்டத்துக்காரன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது ஹோட்டல் மேனேஜ்மென்ட் இரண்டாம் ஆண்டு. ஃப்ரன்ட் ஆபீஸ் பயிற்சியில் விருந்தினரோடு ஆங்கிலத்தில் பேசிச் சமாளித்துவிடுகிறேன். சுற்றுலாப் பாடத்துக்கு அசைன்மென்ட் எழுத உட்கார்ந்தால்தான் ஒரு பத்திகூட நகர மாட்டேன் என்கிறது. ‘கொடைக்கானலில் சுற்றுலாவின் தாக்கம்’ என்று எழுதச் சொன்னார்கள். தமிழில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுக் கொடுத்தேன். ‘என்ன சொல்ல வருகிறாய்?’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார் பேராசிரியர். ஆங்கில வழியில் படித்து வந்தவர்கள் சிரிக்கிறார்கள். எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாம்? 570 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்தால் போதும் என்கிறான் நண்பன். அது உண்மையா?

அன்புள்ள தம்பி,

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேராதீர்கள். பேச உங்களுக்கு வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிரிப்பவர்களைப் பற்றி யோசிக்கவும் வேண்டாம். அந்த அசைன்மென்ட்டை அவர்களும் வெட்டி ஒட்டித்தான் கொடுத்திருப்பார்கள். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘எ’ (a) போடுவதா ‘த’ (the) போடுவதா என்ற கவலை இருந்தால் அதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். அதனால் யாருக்கும் பொருள் புரியாமல் போவதில்லை.

நண்பர் சொல்லும் பட்டியல், கல்வி நூல்களில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, ஆவெரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000-ல் வெளியிட்டது. 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த சொற்களும் ஒரு குடும்பம்), பத்து அடுக்குகள். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்ற நான்கு துறை நூல்களிலிருந்து திரட்டியவை. ஒரு கல்வி நூலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குச் சொற்கள் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும். நல்ல பட்டியல்தான். ஆனால் 570-ஐயும் உருப்போட்டாலும் உங்கள் பத்தி நகராது. உங்களைத் தடுத்து நிறுத்துவது சொல் இல்லை, சொற்கள் நிற்கும் வரிசை. நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

வரவேற்பு மேசை ஆங்கிலம் வினைச்சொல்லில் ஓடுகிறது. பெட்டியை எடுத்து வரட்டுமா, எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும், பில்லை அறைக் கணக்கில் சேர்க்கட்டுமா? யார் என்ன செய்கிறார் என்பது கண்முன் நிற்கிறது. பாடநூல் ஆங்கிலத்தில் வினைகள் பெயராக உறைந்து கிடக்கும். ஆட்கள் வந்தார்கள், விடுதி கட்டினார்கள், தண்ணீர் குறைந்தது என்ற மூன்று செய்தியும் ‘தி இம்பாக்ட் ஆஃப் டூரிஸம் டெவலப்மென்ட் ஆன் வாட்டர் அவைலபிலிட்டி’ என்று ஒரே கட்டாகிவிடும். வினைமுற்று ஒன்றுகூடக் கிடையாது. பள்ளியில் தொழிற்பெயர் படித்தீர்களே, அதன் அடுக்குதான் இது.

இப்போது ஒரே ஒரு வரையறையை எடுத்துக்கொள்வோம். கேரியிங் கெப்பாசிட்டி, தமிழில் தாங்கு திறன். உலகச் சுற்றுலா அமைப்பின் வரையறை என்று எல்லாப் பாடநூலிலும் வருகிற வாக்கியம். ‘த மேக்ஸிமம் நம்பர் ஆஃப் பீப்பிள்’ என்று தொடங்கும். அடுத்து ‘தட் மே விசிட்’, ‘அட் த சேம் டைம்’. அதன் பிறகு ஒரு ‘வித்தவுட் காஸிங்’. அதற்குக் கீழே இரண்டு விஷயம் தொங்கும். சுற்றுச்சூழலின், பொருளாதாரத்தின், சமூக-பண்பாட்டுச் சூழலின் அழிவு ஒன்று. வருகிறவர்களின் மனநிறைவில் ஏற்றுக்கொள்ள முடியாத அளவு சரிவு இன்னொன்று.

இதை இடமிருந்து வலமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் போட்டுக்கொண்டே போகிறவர் ‘வித்தவுட்’டைத் தாண்டும்போது மூச்சு வாங்கி, இரண்டாவது விஷயத்தைத் தவறவிடுவார். பெரும்பாலான விடைத்தாள்களில் சுற்றுச்சூழல் இருக்கும், வருகிறவரின் மனநிறைவு இருக்காது. காரணம் இதுதான். ஆங்கிலம் தலையை, அதாவது முக்கியப் பெயர்ச்சொல்லை, முதலில் வைத்துவிட்டு வாலை நீட்டிக்கொண்டே போகிறது. தமிழ் வாலை முதலில் சொல்லி, தலையில் முடிக்கிறது. ஆகவே கடைசியிலிருந்து பிடியுங்கள்: ‘ஒரு தலத்தின் இயற்கை, பொருளாதார, சமூக-பண்பாட்டுச் சூழலை அழிக்காமலும், வருகிறவர்களின் மனநிறைவை ஏற்க முடியாத அளவுக்குக் குறைக்காமலும், ஒரே நேரத்தில் அங்கே வரக்கூடிய ஆட்களின் உச்ச எண்ணிக்கை.’ ஆங்கிலத்தின் முதல் சொற்கள் தமிழின் கடைசிச் சொற்களாக வந்து உட்கார்ந்துவிட்டன, பாருங்கள். ‘ஆஃப்’, ‘தட்’, ‘ஹூ’, ‘விச்’, ‘வித்தவுட்’ எங்கே வந்தாலும் அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கடைசிக் கோட்டுக்குப் பின்னால் இருப்பதை முதலில் தமிழாக்குங்கள். பிறகு அதற்கு முந்தைய துண்டு. ‘விசிட்’ ‘வரக்கூடிய’ என்று பெயரெச்சமாகும், ‘வித்தவுட்’ ‘-ஆமல்’ ஆகும், ‘ஆஃப்’ ‘-இன்’ ஆகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ‘ஹோட்டல் ரூம் ஆக்குபென்ஸி ரேட்’ மாதிரி பெயர்கள் இடையில் எதுவும் இல்லாமல் ஒட்டி நின்றால் அது தமிழ் வரிசையேதான். தலை கடைசியில் இருக்கிறது. அதை அப்படியே நேராகப் படியுங்கள்.

இரண்டாவது வேலை, உறைந்த பெயரை உடைத்து ஆளை வெளியே எடுப்பது. சுற்றுலா ஆய்வாளர் பட்லர் 1980-ல் எழுதிய சுற்றுலாத் தல வாழ்க்கைச் சுழற்சி உங்கள் பாடத்தில் கட்டாயம் இருக்கும். எக்ஸ்ப்ளோரேஷன் (தேடி வருதல்), இன்வால்வ்மென்ட் (ஈடுபடுதல்), டெவலப்மென்ட் (வளர்தல்), கன்சாலிடேஷன் (நிலைபெறுதல்), ஸ்டாக்னேஷன் (தேங்குதல்), அதற்குப் பிறகு டிக்ளைன் (சரிதல்) அல்லது ரெஜுவினேஷன் (புத்துயிர் பெறுதல்). எல்லாமே உறைந்த வினைகள். இந்த வரிசையை உருப்போட்டு ஒப்பிப்பதில் எந்தப் பயனும் இல்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘யார்?’ என்று கேளுங்கள். யார் தேடி வருகிறார்? விரல் விட்டு எண்ணக்கூடிய பயணிகள். இன்வால்வ்மென்ட்டில் யார் ஈடுபடுகிறார்? உள்ளூர்க்காரர், வீட்டில் ஓர் அறையை ஒழித்து வாடகைக்கு விடுகிறவர். டெவலப்மென்ட்டில் யார் கட்டுகிறார்? பெரும்பாலும் வெளியூர் முதலாளி. அந்தக் கட்டத்தில் பிடி உள்ளூர்க்காரர் கையிலிருந்து நழுவுகிறது. ‘யார்’ என்று கேட்காதவருக்கு இந்தச் செய்தி கண்ணில் படாது.

கன்சாலிடேஷனில்தான் நிறையப் பேர் விழுவார்கள். அங்கே ‘த ரேட் ஆஃப் இன்க்ரீஸ் டிக்ளைன்ஸ்’ என்று வரும். அவசரத்தில் ‘டிக்ளைன்’ மட்டும் கண்ணில் பட்டு, ‘சுற்றுலாப் பயணிகள் குறைகிறார்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. பின்னாலிருந்து படியுங்கள்: கூடுகிற வேகம் குறைகிறது. ஆட்கள் இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முன்போல மளமளவென்று கூடவில்லை, அவ்வளவே.

எண்களிலும் இதே கதைதான். 80 அறை விடுதி. ஒரு நாள் 60 அறை சராசரி 3000 ரூபாய்க்குப் போனது. ஆக்குபென்ஸி, அதாவது நிரம்பிய அறைகளின் பங்கு, 75 சதவீதம். ரெவ்பார், அதாவது மொத்த அறை வருவாயை எல்லா அறைகளுக்கும் பகிர்ந்தால் ஓர் அறைக்கு வரும் தொகை, 2250. கட்டணத்தை 3400 ஆக்கினார்கள், 48 அறைதான் போனது. ஆக்குபென்ஸி 60, ரெவ்பார் 2040. ‘ஆக்குபென்ஸி 15 சதவீதம் குறைந்தது’ என்று எழுதினால் அது பிழை. 75-இலிருந்து 60 என்பது 15 சதவீதப் புள்ளி, ‘பர்சன்டேஜ் பாயின்ட்ஸ்’. சதவீதமாகச் சொன்னால் 20. விலை 13 சதவீதம் ஏறியும் ரெவ்பார் 9 சதவீதம் இறங்கியது என்பதுதான் வாக்கியத்தின் மையம். அதைச் சொல்ல ‘ஆல்தோ’ என்ற ஒரு சொல் போதும்.

உங்களுக்குத் தெரிந்த சொற்களிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். ‘டர்னோவர்’ உணவகத்தில் ஒரு மேசை எத்தனை முறை நிரம்பி எழுகிறது என்பது. பணியாளர் துறைக் கட்டுரையில் ஆட்கள் வேலையை விட்டுப் போவது. கணக்கில் மொத்த விற்பனை. ‘யீல்ட்’ சமையலறையில் தோலும் எலும்பும் கழித்து மிஞ்சும் எடை, ரெவென்யூ பாடத்தில் அறையை எந்த விலைக்கு விற்று எவ்வளவு ஈட்டினோம் என்பது. ‘பெரிஷபிள்’ என்றதும் தக்காளி நினைவுக்கு வரும். பாடநூலில் அது இன்றிரவு விற்காத அறை. நாளைக்கு அதை எடுத்து விற்க முடியாது. ‘சிக்னிஃபிகன்ட்’ என்றால் முக்கியம் என்று எழுதிப் பழகிவிட்டோம். கணக்கெடுப்புக் கட்டுரையில் அது தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்ற புள்ளியியல் பொருளில் வரும். இப்படிப்பட்ட சொற்களை ஒரு நோட்டில் மூன்று நெடுவரிசையாக எழுதுங்கள்: தொழிலில் என்ன பொருள், நூலில் என்ன பொருள், கூட எந்தச் சொல் வரும். ‘இம்பாக்ட்’டுக்கு ‘ஆன்’, ‘ரோல்’க்கு ‘இன்’, ‘ஸ்டடி’க்கு ‘கண்டக்ட்’. மூன்றாவது நெடுவரிசையை எழுதாவிட்டால் அந்த நோட்டே வீண்.

இனி உங்கள் அசைன்மென்ட். இங்கே கொஞ்சம் திட்டத்தான் போகிறேன். செயலிதான் கெடுத்தது என்று நினைத்திருப்பீர்கள். செயலி கெடுக்கவில்லை. ‘வந்து, தங்கி, தண்ணீரைச் செலவழித்து, குப்பையைப் போட்டுவிட்டுப் போவதால் பாதிக்கப்படுகிறது’ என்கிற மாதிரி எழுதி உள்ளே போட்டிருப்பீர்கள். நான்கு எச்சம், ஒரே முற்று, எழுவாய் எங்கும் இல்லை. யார் வந்தது, எது பாதிக்கப்பட்டது? தமிழில் வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார். ஆங்கிலம் ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் கேட்கும். இல்லாத எழுவாயைச் செயலி தன் இஷ்டத்துக்குப் போட்டுவிடும். முதலில் தமிழிலேயே எச்சங்களை முற்றாக்குங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஓர் எழுவாய், ஒரு பயனிலை, பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். அப்படி எழுதினால் செயலியே தேவைப்படாது என்பதையும் கண்டுகொள்வீர்கள். முழுக் கட்டுரையையும் எந்திரத்திடம் எழுதி வாங்காதீர்கள். மூன்று வருடம் கழித்து ஒரு வங்கிக் கடன் அறிக்கையையோ மேலாளருக்கான மாத அறிக்கையையோ வாசிக்க வேண்டியவர் நீங்கள்.

இன்னொன்று. முதல் பத்தியில் விருந்தோம்பல் அதிகாரத்துக் குறளை ஒட்டுகிற பழக்கத்தை விடுங்கள். குறளின் விருந்தினர் பணம் கொடுப்பதில்லை. உங்கள் விருந்தினர் பில் கட்டுகிறார். இந்த வேறுபாட்டையே ஆராய்ச்சியாளர்கள் பேசியிருக்கிறார்கள். கான்ராட் லாஷ்லி 2000-ல் விருந்தோம்பலைச் சமூகம், வீடு, வணிகம் என்று மூன்று களமாகப் பிரித்தார். குறளை அந்தப் பிரிப்புக்குள் எங்கே வைப்பீர்கள் என்று எழுத முடிந்தால் தாராளமாகக் கொண்டுவாருங்கள். அழகுக்காக வேண்டாம்.

மேற்கோள் காட்டுவது மேலைநாட்டுச் சடங்கு என்று நினைப்பவர்கள் தொல்காப்பியத்தைத் திறந்து பார்க்கட்டும். நிறையச் சூத்திரங்களில் ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று வரும். யார் சொன்னது என்று சொல்லாமல் எதையும் சொல்லக் கூடாது என்ற நாணயம் நம்மிடம் முதலிலிருந்தே இருக்கிறது. ‘பட்லர் ஆர்க்யூஸ்’ என்பது அதுதான். உறுதியில்லாத இடத்தில் ‘கூடும்’ என்கிறோமே, அதுதான் ‘மே’. ‘விடுதிகள் எல்லாம் ஏரியைக் கெடுக்கின்றன’ என்று எழுதினால் ஒவ்வொரு விடுதிக்கும் நீங்கள் சான்று காட்ட வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும், ஆறு முதல் எட்டு வரி. கோடு போட்டு, பின்னாலிருந்து தமிழில் எழுதி, ஆங்கிலப் பக்கத்தை மூடிவிட்டு, உங்கள் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். முதல் வாரம் ஒரு மணி நேரம் பிடிக்கும். தினமும் செய்தால் நேரம் தானாகக் குறையும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறு பத்தி செய்து பயனில்லை.

கொடைக்கானலுக்கு வருவோம். ‘சுற்றுலாவின் தாக்கம்’ என்பது ஓர் அசைன்மென்ட்டில் அடங்குகிற தலைப்பே இல்லை. தாங்கு திறன் வரையறையை மறுபடி எடுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4000, வார இறுதியில் 6000 வாகனங்கள் என்று வரம்பு வைத்தார்கள். வரையறை எண்ணுவது ஆட்களை, வரம்பு எண்ணுவது வாகனங்களை. வரையறை ‘அட் த சேம் டைம்’ என்கிறது, வரம்பு ஒரு நாளைக்கு என்கிறது. காலையில் ஏறி மாலையில் இறங்குகிற காரும் மூன்று நாள் தங்குகிற வேனும் ஒரே கணக்கில் வருகின்றன. வரையறையில் இருக்கும் வருகிறவரின் மனநிறைவை இந்த எண் எங்கே தொடுகிறது? இதோ உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. இது எந்தப் புத்தகத்திலும் வெட்டி ஒட்டக் கிடைக்காது. அந்த ஒரு வாக்கியத்தை ஒழுங்காக வாசித்ததில் வந்தது.

பேராசிரியரிடம் போய் மறுபடி எழுதித் தருகிறேன் என்று கேளுங்கள். சிவப்பு மையில் கேள்வி எழுதுகிறவர் மறுக்க மாட்டார். முதல் பத்தியை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தை மட்டும் அனுப்ப வேண்டாம், அதற்கு முன் எழுதிய தமிழ் வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்.