‘அப்டேட் போட்டாச்சு’ என்றால் போட்டாச்சா? – கேள்வி பதில்

கோவையில் ஒரு தொழிற்சாலையில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். விண்டோஸ் தவிர்த்த மற்ற மென்பொருள்களை, அதாவது குரோம், ஜாவா, ஜிப் பிரிப்பான் போன்ற சில்லறைச் சாமான்களை, அலுவலகம் முழுக்க எப்படி அப்டேட்டாக வைத்திருப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

திருப்பூர், 140 கணினி: அண்ணா, எங்களிடம் டபிள்யூ.எஸ்.யூ.எஸ். (அலுவலகக் கணினிகளுக்கு அப்டேட் அனுப்பும் மைக்ரோசாஃப்ட் சர்வர்) இருக்கிறது. மாதாமாதம் பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், போய்விடுகிறது. அப்படியும் ஆடிட்டர் ‘குரோம் பழசு, 7-ஜிப் பழசு’ என்று எழுதிவிட்டுப் போகிறார். ஏன்?

அது மைக்ரோசாஃப்ட் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் சோறு போடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பட்டினி கிடந்தாலும் அதற்குத் தெரியாது. போதாததற்கு, இனி அதில் புது வசதி எதுவும் சேர்ப்பதில்லை என்று 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது.

குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுக்கும் சொந்த அப்டேட்டர் உண்டு. ஃபயர்வாலில் அதைத் தடுத்து வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ‘பேண்ட்வித் மிச்சம்’ என்று யாரோ எப்போதோ தடுத்திருப்பார்கள். மற்றவற்றுக்கு விண்டோஸுடனேயே வரும், கட்டளை கொடுத்து மென்பொருளை நிறுவும் விங்கெட் கருவியை வைத்து ஓட்டலாம், காசு இல்லை. ஆனால் பின்னணியில், பயனர் கணக்கில் இல்லாமல் விண்டோஸின் சொந்த சிஸ்டம் கணக்கில் ஓடவிட்டால் அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 140 கணினிக்கு நானாக இருந்தால் பேட்ச் மேலாண்மைக் கருவி ஒன்றைக் காசு கொடுத்தே வாங்கிவிடுவேன். உங்கள் நேரத்துக்கும் விலை இருக்கிறது.

சென்னை: குரோம் தானாக அப்டேட் ஆகிறது, நாங்கள் எதையும் தடுக்கவில்லை. ஆனாலும் பாதுகாப்பு ஸ்கேனில் பாதிக் கணினி பழைய வெர்ஷன் காட்டுகிறது.

யாரும் குரோமை மூடுவதில்லை, அதுதான் காரணம். புது வெர்ஷன் இறங்கி டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கும், மெமரியில் பழசே ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒரு லேப்டாப்பில் நாற்பதுக்கும் மேல் டேப் திறந்திருந்தது. மாலையானால் மூடியைச் சாத்திவிட்டுப் போவார்கள், ஷட்டவுன் என்ற பேச்சே கிடையாது. மேல் மூலையில் ‘அப்டேட்’ என்ற பட்டன் சிவப்பாகியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2023 ஆகஸ்டிலிருந்து குரோமுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வாராவாரம் வருகிறது. ஒரு மாதம் மூடாத குரோம் எத்தனை படி பின்தங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வைக்கும் குரூப் பாலிசியில் ‘ரீலாஞ்ச் நோட்டிஃபிகேஷன்’ (குரோமை மூடித் திறக்கச் சொல்லும் அறிவிப்பு) என்று ஒன்று இருக்கிறது. அதை ‘கட்டாயம்’ என்று வையுங்கள். வழக்கமான கெடு 7 நாள், நான் 2 நாளாகக் குறைத்திருக்கிறேன். டேப் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை குறையும். இன்காக்னிட்டோ மட்டும் திரும்ப வராது.

மதுரை: சார், நான் வேலைக்குப் புதுசு. விண்ராரில் எல்லாம் என்ன ஆபத்து இருக்கப்போகிறது? வெறும் ஜிப் பிரிக்கிறதுதானே?

தம்பி, இந்தக் கேள்வியை ஒரு காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன். 2019 பிப்ரவரியில் செக் பாயிண்ட் நிறுவனத்தார் விண்ராரில் ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஏஸ் என்ற பழைய வடிவத்தைப் பிரிக்கும் ஒரு டி.எல்.எல். (துணை நிரல்) கோப்பில், ஏறத்தாழ 19 வருடமாக யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அதைச் சரிசெய்ய விண்ரார்காரர்களிடமே அதன் மூல நிரல் இல்லை. ஏஸ் வசதியையே தூக்கிவிட்டு 5.70 வெர்ஷனை வெளியிட்டார்கள்.

2023-இல் இன்னொன்று. தொகுப்பைத் திறந்து உள்ளே இருக்கும் ஒரு படத்தை டபுள் கிளிக் செய்தால், அதே பெயரில் ஒளித்து வைத்த ஃபோல்டரிலிருந்து ஸ்கிரிப்ட் ஓடும். பங்குச் சந்தை வியாபாரிகளைக் குறிவைத்து மாதக்கணக்கில் இதைப் பயன்படுத்திய பிறகுதான், ஆகஸ்டில் அதை அடைக்கும் 6.23 வந்தது. 2025 ஜூலை 30-இல் 7.13 வந்ததும் இப்படித்தான், அதற்கு முன்பே தாக்குதல் நடந்துகொண்டிருந்தது.

விண்ரார் தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளாது. 7-ஜிப்பும் அப்படியே. யாராவது போய்ப் புது வெர்ஷனைப் போட்டால்தான் உண்டு. நாற்பது நாள் ட்ரையலை நான்கு வருடமாக ஓட்டுகிறவர் அதைச் செய்வாரா? என் யோசனை, அழித்துவிடுங்கள். விண்டோஸ் 11-ஐ அப்டேட்டாக வைத்திருந்தால் ரார், 7இஸட் கோப்புகளை அதுவே திறக்கும். இல்லாத மென்பொருளுக்குப் பேட்ச் தேவையில்லை.

ஓசூர்: ஸ்கேனர் இரண்டாயிரம் ஓட்டை காட்டுகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஸ்கேனர் ஒவ்வொரு ஓட்டைக்கும் போடும் ஆபத்து மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வரிசை போடாதீர்கள். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, உண்மையிலேயே தாக்குதலுக்குப் பயன்பட்ட ஓட்டைகளை மட்டும் ஒரு பட்டியலாக 2021 நவம்பரிலிருந்து வெளியிட்டு வருகிறது, இலவசம்தான். உங்கள் இரண்டாயிரத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கையளவுதான் மிஞ்சும். அதில் இணையத்தை நேராகப் பார்த்து நிற்பவை முதலில்: வி.பி.என்., ஃபயர்வால், மெயில் சர்வர். அடுத்து பிரவுசர், பி.டி.எஃப். ரீடர்.

ஸ்கேன் ‘சுத்தம்’ என்று சொன்னால் நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. அமெரிக்கக் கடன் மதிப்பீட்டு நிறுவனம் ஈக்விஃபாக்ஸின் கதை தெரியுமா? அவர்கள் இணையதளத்துக்குப் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டைக்கான பேட்ச் 2017 மார்ச் 7-இல் வந்துவிட்டது. 48 மணி நேரத்துக்குள் போடச் சொல்லி உள்ளே மெயிலும் போனது. ஸ்கேன் ஓட்டினார்கள், அதில் எதுவும் சிக்கவில்லை. மே மாதம் அதே ஓட்டை வழியாகத்தான் திருடர்கள் உள்ளே வந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போனது. அந்த சர்வர் யார் பொறுப்பில் இருக்கிறது என்ற சரியான பட்டியல் இல்லாததுதான் அடிப்படைக் கோளாறு.

ஈரோடு: ஜாவாவை அப்டேட் செய்தால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேலை செய்யாமல் போகிறது. செய்வதா வேண்டாமா?

முன்பு வேலை பார்த்த இடத்தில் நான் 19-ஆம் தேதி சாயங்காலம் எல்லாக் கணினிக்கும் ஜாவா அப்டேட் தள்ளினேன். மறுநாள் 20, ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். காலையில் டோக்கனைச் செருகினால் சான்றிதழே தெரியவில்லை. அக்கவுண்ட்ஸ் அக்கா என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார், ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மதியம் வரை பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். எந்த அப்டேட்டும் முதலில் மூன்று கணினிக்கு, அதில் ஒன்று கண்டிப்பாக அக்கவுண்ட்ஸ். அப்புறம் 10, 11 தேதிகளிலும் 18 முதல் 20 வரையிலும் அந்தப் பிரிவைத் தொடுவதில்லை. தாக்குதல் நடந்துகொண்டிருக்கும் ஓட்டை என்றால் மட்டும் விதிவிலக்கு, அதையும் அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான்.

இன்னொன்று, ஜாவாவில் புதுசு போட்டாலும் சில நேரம் பழசு பக்கத்திலேயே கிடக்கும். புரோகிராம் பட்டியலைத் திறந்து பார்த்து, பழசை நீக்குங்கள். ஆரக்கிள் ஜாவாவுக்கு உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து மொத்த ஊழியர் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் கேட்கிறார்கள். அதற்கு மாற்றான ஜாவா பதிப்புகள் டெமுரின், கொரெட்டோ இரண்டும் இலவசம்.

திருச்சி: கிராக் செய்த மென்பொருளுக்கு பேட்ச் போடலாமா?

முதலில் அதை அழித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

சேலம்: கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் எம்.டி. ‘எல்லா ஆட்டோ அப்டேட்டையும் நிறுத்து’ என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பியது ஒரே ஒரு கோப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. ஒன்றரை மணி நேரத்துக்குள் அவர்கள் அதைத் திரும்பப் பெற்றும், விழுந்த கணினிகள் பலவற்றை ஆள் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதுதான் அங்கே வினை.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாகிரை வைரஸின் தேதிகளையும் அவரிடம் காட்டுங்கள். பேட்ச் வந்தது 2017 மார்ச் 14, தாக்குதல் மே 12. இடையில் இரண்டு மாதம் சும்மா இருந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். நிறுத்த வேண்டாம், படிப்படியாக அனுப்புவோம் என்று சொல்லுங்கள்: மூன்று கணினி, இரண்டு நாள் கழித்து ஒரு பிரிவு, அப்புறம் மற்றவர்கள்.

நெல்லை: புது வெர்ஷன் போட்டுவிட்டால் அந்த ஓட்டை அடைபட்டது என்று எழுதிவிடலாமா?

பெரும்பாலும் சரி, எப்போதும் இல்லை. 2024 ஏப்ரலில், தூரத்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் புட்டி மென்பொருளின் 0.81 வந்தது. அதற்கு முந்தைய வெர்ஷன்கள் ஒருவகை டிஜிட்டல் சாவியை, 521 பிட் என்று போட்டிருக்கும், பயன்படுத்திக் கையெழுத்திட்டபோது ரகசியம் கசிந்தது. சில டஜன் கையெழுத்துகள் கிடைத்தாலே சாவியைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். புட்டியை அப்டேட் செய்தாலும் கசிந்த சாவி கசிந்ததுதான். சர்வர் ஒவ்வொன்றிலும் போய் அந்தச் சாவியை நீக்கிவிட்டுப் புதுசு உருவாக்க வேண்டும். கோப்பு அனுப்பும் மென்பொருள்களான ஃபைல்ஸில்லா, வின்எஸ்சிபி பழைய வெர்ஷன்களிலும் இதே கோளாறு இருந்தது.

கோவை: மேனேஜ்மெண்டுக்கு மாதாமாதம் ‘98 சதவீதம் பேட்ச் ஆகிவிட்டது’ என்று அனுப்புகிறோம். போதுமா?

எதில் 98? கருவிக்குத் தெரிந்த கணினிகளில்தானே. கடந்த 30 நாளாகக் கருவியின் கண்ணில் படாத கணினிகள் எத்தனை என்று கீழே இன்னொரு வரி சேருங்கள். நான் முதல்முறை அந்த வரியை எழுதியபோது 11 வந்தது. தேடிப் போனால் ஏழு லேப்டாப்கள் எச்.ஆர். அலமாரியில், வேலையை விட்டுப் போனவர்கள் ஒப்படைத்தபடியே, பையோடு. எட்டாவதை யாரோ ஒரு புது சேல்ஸ் பையனுக்கு அன்று காலைதான் எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.